சுரங்கத்தின் மறுமுனையில் யார்?

2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. இலங்கை முழுக்க ஊரடங்கு. எரிபொருளுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை, நாளுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு. மக்கள் தெருவில் இறங்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், நள்ளிரவு தாண்டிய வேளையில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், ட்விட்டர், யூடியூப், இன்ஸ்டாகிராம் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோயின. பாதுகாப்பு அமைச்சு கேட்டுக்கொண்டதன் பேரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழு போட்ட தடை அது.

அன்றைக்கு ட்விட்டரில் ஒரு பதிவு வந்தது. சமூக ஊடகங்களைத் தடைசெய்வதைத் தான் ஒருபோதும் ஏற்கமாட்டேன் என்றும், தான் இப்போது பயன்படுத்திக்கொண்டிருப்பதுபோல விபிஎன் இருக்கும்போது இந்த மாதிரித் தடைகளால் ஒரு பயனும் இல்லை என்றும் அதில் இருந்தது. எழுதியவர் நாமல் ராஜபக்ச. அப்போது அவர் அமைச்சர். ஜனாதிபதி அவருடைய சித்தப்பா, பிரதமர் அவருடைய அப்பா. சொந்த அரசாங்கம் போட்ட பூட்டை, ஊரில் எல்லாரும் வைத்திருந்த அதே கள்ளச்சாவியால் திறந்துகொண்டு உள்ளே வந்து, பூட்டு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சுமார் 15 மணிநேரத்தில் தடை விலக்கப்பட்டது.

இதே விபிஎன்னைத்தான் நாம் யூடியூப் வீடியோக்களின் நடுவில் பார்க்கிறோம். “உங்களை ஹேக்கர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்” என்று பயமுறுத்திவிட்டு, இரண்டு வருடத் திட்டத்துக்குப் பெரிய தள்ளுபடி என்று முடிப்பார்கள். வீட்டில் வைஃபையும் கையில் ஒரு ஃபோனும் வைத்திருக்கும் சாதாரண ஆள் இதைக் காசு குடுத்து வாங்கணுமா? நேரடிக் கேள்விதான். ஆனால் இந்தப் பொருள் ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டு, இன்னொரு வேலைக்காக விற்கப்பட்டு, மூன்றாவது ஒரு வேலைக்கு உண்மையிலேயே உயிர்நாடியாகிப்போன ஒன்று. அந்த முப்பது வருடக் கதையைத் தெரிந்துகொண்டால் பதில் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும்.

அலுவலகத்துக்குள் ஒரு சுரங்கம்

1990களின் நடுப்பகுதியில் பெரிய நிறுவனங்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. சென்னையில் ஒரு கிளை, மும்பையில் தலைமையகம் என்றால் இரண்டையும் இணைக்கத் தொலைபேசி நிறுவனத்திடம் தனிக் கம்பியை வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்கு ஏகப்பட்ட செலவு. இணையமோ மலிவாக வந்துகொண்டிருந்தது, ஆனால் அது பொதுச்சாலை. அந்தப் பொதுச்சாலைக்கு அடியிலேயே நமக்கென்று ஒரு சுரங்கம் தோண்டினால் என்ன?

அதுதான் விபிஎன். மெய்நிகர் தனியார் வலையமைப்பு. ஒரு கடிதத்தை உறையில் போட்டு, அந்த உறையை இன்னொரு பூட்டிய பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறீர்கள். தபால்காரருக்குப் பெட்டி எங்கே போகிறது என்பது மட்டும் தெரியும். உள்ளே யாருக்கான கடிதம் இருக்கிறது என்று தெரியாது. பெட்டி போய்ச்சேரும் இடத்தில் ஒருவர் அதைத் திறந்து, உள்ளே இருக்கும் உறையை உரியவரிடம் சேர்ப்பார்.

1996இல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் என்டி 4.0இல் இந்த வசதியைச் சேர்த்தது. பிபிடிபி என்ற அந்த நெறிமுறையை உருவாக்கியதில் முக்கியமானவர் மைக்ரோசாஃப்டின் பொறியாளர் குர்தீப் சிங் பால். சுரங்கம் கிடைத்ததே தவிர, பூட்டு அவ்வளவு உறுதியாக இல்லை. 1998இலேயே புரூஸ் ஷ்னையரும் மட்ஜ் என்ற புனைபெயர் கொண்ட ஆய்வாளரும் மைக்ரோசாஃப்ட் செய்திருந்த பூட்டில் எங்கெங்கே ஓட்டை என்று விரிவாக எழுதிக் காட்டினார்கள்.

2001இல் ஓபன்விபிஎன் வந்தது. அதை எழுதிய ஜேம்ஸ் யோனன் அப்போது மத்திய ஆசியாவில் பயணம் செய்தபடியே தன் அலுவலக வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் தகவல் எல்லாம் நம்பகம் இல்லாத நாடுகளின் இணைய நிறுவனங்கள் வழியாகப் போய்வருகிறதே என்ற கவலையில்தான் புதிய மென்பொருளை எழுத ஆரம்பித்தார். மூல நிரலையும் எல்லாருக்கும் திறந்துவைத்தார். பிறகு வந்த வணிக விபிஎன் நிறுவனங்களில் பல, இந்த இலவச மென்பொருளின் மேல்தான் கடை போட்டன.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். யோனனின் சுரங்கம் அவருடைய கணினியில் தொடங்கி அவருடைய அலுவலகத்தில் முடிந்தது. கிளையின் சுரங்கம் தலைமையகத்தில் முடிந்தது. பெட்டியைப் பூட்டுகிறவரும் திறக்கிறவரும் ஒரே வீட்டு ஆட்கள். ‘தனியார்’ என்ற சொல்லுக்கு அங்கே அர்த்தம் இருந்தது. நமக்கு விற்கப்படும் விபிஎன்னில் பெட்டியைத் திறக்கிறவர் வேறு ஆள். அவரை நாம் பார்த்தது கிடையாது. அவருடைய நிறுவனம் எந்தத் தீவில் பதிவாகியிருக்கிறது என்பதுகூட நம்மில் பலருக்குத் தெரியாது.

செருப்பு டோக்கன்

அலுவலகப் பொருள் எப்படி வீட்டுப் பொருளானது? ஒரு நியாயமான பயம்தான் காரணம்.

2010 அக்டோபரில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நடந்த டூர்கான் என்ற பாதுகாப்பு மாநாட்டில், எரிக் பட்லர் என்ற மென்பொருளாளர் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு ஒரு சின்ன நீட்சியை வெளியிட்டார். பெயர் ஃபயர்ஷீப். காபி ஷாப்பில் உட்கார்ந்து அதை ஓடவிட்டால், அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களின் ஃபேஸ்புக், ட்விட்டர் கணக்குகள் பக்கத்தில் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றை இரண்டு முறை கிளிக் செய்தால் போதும், அந்த ஆளாகவே உள்ளே நுழைந்துவிடலாம். ஹேக்கிங் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம்.

அது எப்படி முடிந்தது? கோயில் வாசலில் செருப்பு விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள் இல்லையா, அதுபோலத்தான். நீங்கள் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனதும் தளம் உங்கள் உலாவிக்கு ஒரு டோக்கன் தருகிறது. அதற்கு குக்கீ என்று பெயர். அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்த டோக்கனைக் காட்டினால் போதும். அன்றைக்கு நிறைய தளங்கள் பாஸ்வேர்டு போடும் பக்கத்தை மட்டும் மறைகுறியாக்கம் செய்துவிட்டு, மற்ற பக்கங்களைத் திறந்தே விட்டிருந்தன. டோக்கன் எல்லார் கண்ணிலும் படும்படி காற்றில் போய்வந்துகொண்டிருந்தது. டோக்கன் கையில் இருப்பவருக்குச் செருப்பு.

பட்லரின் நோக்கம் திருட்டில்லை. தளங்களின் சோம்பேறித்தனத்தை அம்பலப்படுத்துவதுதான். ஆனால் அந்தக் காலத்தில் வைஃபையில் உட்காரும் ஆளுக்கு விபிஎன் உண்மையிலேயே ஒரு கவசம். டோக்கனையும் சேர்த்துப் பெட்டிக்குள் பூட்டி அனுப்பிவிடும். மூன்று வருடம் கழித்து, 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க உளவு அமைப்பின் ஆவணங்களை வெளியிட்டார். யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது கற்பனை இல்லை என்று உலகத்துக்கே தெரிந்தது. 2017 ஏப்ரலில், அமெரிக்க இணையச் சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளர்களின் உலாவல் விவரங்களை அனுமதியில்லாமல் விற்பதைத் தடுக்கவிருந்த விதிகளை அந்நாட்டு அரசு ரத்து செய்தது. விபிஎன் விற்பவர்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் எது?

பயம் போனது, விளம்பரம் போகவில்லை

இதற்கு நடுவில் சத்தமில்லாமல் இன்னொன்று நடந்தது. ஜிமெயில் 2010 ஜனவரியிலேயே எல்லாருக்கும் முழு மறைகுறியாக்கத்துக்கு மாறியிருந்தது. ஃபேஸ்புக் 2013இல் முழுமையாக மாறியது. சின்னத் தளங்களுக்கு மட்டும் சிக்கல் இருந்தது. முகவரியில் ‘எச்டிடிபிஎஸ்’ என்று வர வேண்டும் என்றால் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்கு வருடா வருடம் காசு கட்ட வேண்டும்.

மொசில்லா, எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன், மிச்சிகன் பல்கலைக்கழகம் முதலானவை சேர்ந்து அதை மாற்றின. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு 2015 டிசம்பரிலிருந்து யார் கேட்டாலும் இலவசமாக, தானியங்கி முறையில் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது. 2018 ஜூலையில் குரோம் உலாவி, மறைகுறியாக்கம் இல்லாத எல்லாத் தளங்களுக்கும் ‘பாதுகாப்பற்றது’ என்று முத்திரை குத்தத் தொடங்கியது. இப்போது நாம் போகும் தளங்களில் பெரும்பாலானவை எச்டிடிபிஎஸ்தான். டோக்கன் இப்போது பூட்டிய பெட்டியில்தான் போகிறது. அந்தப் பெட்டிக்கு நாம் காசு கொடுப்பதில்லை.

அதாவது, விபிஎன்னை வீட்டுப் பொருளாக்கிய அந்தப் பெரிய பயத்தை வேறு ஆட்கள் வந்து இலவசமாகவே தீர்த்துவிட்டார்கள். ஆனால் விளம்பரம் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. 2019இல் பிரிட்டன் தொலைக்காட்சியில் நார்ட்விபிஎன் விளம்பரம் ஒன்று வந்தது. ரயிலில் போகும் ஒருவர், பொது வைஃபையைப் பயன்படுத்துவதால் தன் கிரெடிட் கார்டு விவரத்தையும் பாஸ்வேர்டுகளையும் முன்பின் தெரியாதவர்களுக்கு வாரிக்கொடுப்பதாகச் சொல்வார். புகார்கள் போயின. விளம்பரங்களைக் கண்காணிக்கும் ஏஎஸ்ஏ அமைப்பு, ஏற்கெனவே இருக்கும் மறைகுறியாக்கமே கணிசமான பாதுகாப்பு தருகிறது என்றும், அந்த விளம்பரம் ஆபத்தை மிகைப்படுத்தி மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்றும் சொல்லி, அதே வடிவில் மறுபடி ஒளிபரப்பக் கூடாது என்று 2019 மே மாதம் தீர்ப்பளித்தது.

அப்படியானால் எச்டிடிபிஎஸ் இருந்தால் எல்லாமே மறைந்துவிடுமா? இல்லை. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது பொதுவாக உங்கள் இணைய நிறுவனத்துக்குத் தெரியும். அங்கே என்ன படித்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது. ஒரு மருத்துவத் தளத்துக்குப் போனது தெரியும், எந்த நோயைப் பற்றித் தேடினீர்கள் என்பது தெரியாது. அந்தத் தளத்தின் பெயரைக்கூட இணைய நிறுவனத்திடமிருந்து மறைப்பதுதான் இன்றைக்கு விபிஎன் செய்யும் வேலை. மறைத்து யாரிடம் கொடுக்கிறது? விபிஎன் நிறுவனத்திடம். உங்களைப் பார்க்கும் கண் ஒன்றும் குறைவதில்லை, ஆள்தான் மாறுகிறார். அந்த ஆள் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெட்டியைத் திறக்கிறவர்கள்

2013இல் ஃபேஸ்புக் ஒனாவோ என்ற இஸ்ரேலிய நிறுவனத்தை வாங்கியது. அதனிடம் ஒனாவோ புரொடெக்ட் என்ற இலவச விபிஎன் செயலி இருந்தது. பெயரிலேயே பாதுகாப்பு. உள்ளே நடந்தது வேறு. யார் யார் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவல் அந்தச் சுரங்கம் வழியே ஃபேஸ்புக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. வாட்ஸ்அப் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை அதை வைத்துத்தான் கணித்திருந்தார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு 2018 டிசம்பரில் வெளியிட்ட ஃபேஸ்புக் உள் ஆவணங்களில் அந்த வரைபடங்கள் இருந்தன. 2014இல் வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக் 1900 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. ஆப்பிள் அந்தச் செயலியை 2018இல் தன் கடையிலிருந்து அகற்ற வைத்தது. பயனர்களிடம் உண்மையைச் சொல்லாததற்காக 2023இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

ஹோலா என்ற இன்னொரு இலவசச் சேவை, தன் பயனர்களின் இணைய இணைப்பையே லுமினாட்டி என்ற பெயரில் மூன்றாம் ஆட்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது 2015இல் வெளியே வந்தது. நீங்கள் இலவசமாகப் படம் பார்க்கிறீர்கள். அதே நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வீட்டு முகவரியிலிருந்து எங்கோ எதையோ செய்துகொண்டிருப்பார். 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைப் பிரித்துப் பார்த்தபோது, அவற்றில் 38 சதவீதத்தில் தீநிரலின் அறிகுறி இருந்தது. 75 சதவீதத்தில் பயனரைப் பின்தொடரும் வெளியார் நிரல்கள் இருந்தன. 18 சதவீதம் மறைகுறியாக்கமே செய்யவில்லை. சுரங்கம் என்று போர்டு மாட்டியிருந்தது, உள்ளே சுரங்கமே கிடையாது.

“சரி, அதனாலதான் காசு குடுத்து வாங்கச் சொல்றாங்க” என்று தோன்றலாம். பாதி உண்மை.

2011இல் சோனி பிக்சர்ஸ் நிறுவனத்தின் தளத்தைத் தாக்கிய ஒருவர், ஹைட்மைஆஸ் என்ற பிரிட்டிஷ் கட்டண விபிஎன்னைப் பயன்படுத்தியிருந்தார். நீதிமன்ற ஆணை வந்ததும் நிறுவனம் இணைப்புப் பதிவுகளைக் கொடுத்தது. 2017இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணை இணையத்தில் துரத்தித் துரத்தித் துன்புறுத்தியவரைப் பிடிக்க, பியூர்விபிஎன் தந்த பதிவுகள் எஃப்பிஐக்கு உதவின. பதிவே வைப்பதில்லை என்று விளம்பரம் செய்த நிறுவனம் அது. இரண்டு வழக்கிலும் குற்றவாளி பிடிபட்டது நல்லதுதான். கேள்வி அது இல்லை. ‘எதையும் பதிவு செய்வதில்லை’ என்ற வாக்கியம் வெறும் வாக்கியம்தான், நமக்கு அதைச் சரிபார்க்க வழி இல்லை என்பதுதான் பிரச்சினை.

இதற்கு நேர்மாறான சம்பவங்களும் உண்டு. துருக்கியில் ரஷ்யத் தூதர் கொல்லப்பட்ட வழக்கில், அந்நாட்டு அதிகாரிகள் எக்ஸ்பிரஸ்விபிஎன்னின் ஒரு சர்வரையே தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளே தேடியது கிடைக்கவில்லை என்பது 2017இல் வெளியே வந்தது. 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் சோதனை ஆணையோடு முல்வாத் நிறுவனத்தின் யெத்தெபொரி அலுவலகத்துக்குப் போனார்கள். வாடிக்கையாளர் தகவல் என்று எதுவும் இங்கே இல்லை என்று விளக்கிய பிறகு வெறுங்கையோடு திரும்பினார்கள். ஸ்வீடிஷ் மொழியில் முல்வாத் என்றால் நிலத்தைக் குடைந்து வாழும் அகழெலி. அங்கே கணக்குத் தொடங்கப் பெயர் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம், ஒரு எண் மட்டும் தருவார்கள். உறையில் பணத்தாளைப் போட்டு அனுப்பினாலும் வாங்கிக்கொள்வார்கள். 2009இல் தொடங்கியபோது மாதம் 5 யூரோ, இப்போதும் அதே 5 யூரோதான்.

ஆனால் பெட்டியைத் திறக்கும் ஆள் நல்லவராகவே இருந்தாலும், கடை கைமாறாது என்று யார் சொன்னது? கிராஸ்ரைடர் என்றொரு நிறுவனம் இருந்தது. அதன் தளத்தைப் பயன்படுத்திப் பலர் உலாவிகளில் விளம்பரங்களைத் திணிக்கும் மென்பொருள்களைப் பரப்பியதால் பெயர் கெட்டுப்போனது. 2018இல் கேப் டெக்னாலஜீஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. சைபர்கோஸ்ட், ஜென்மேட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் என்று ஒவ்வொரு விபிஎன்னாக வாங்கி, 2021இல் எக்ஸ்பிரஸ்விபிஎன்னை 93.6 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டில் விபிஎன்களை ஒப்பிட்டு மதிப்பெண் போடும் விபிஎன்மென்டர் தளத்தின் உரிமையாளர்களையும் வாங்கிவிட்டது. ‘எந்த விபிஎன் சிறந்தது’ என்று தேடிப் போகிற இடமும், அவர்கள் விற்கும் விபிஎன்னும் ஒரே முதலாளி கையில். தரகரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே குடும்பம் என்றால் ஜாதகப் பொருத்தம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அரசாங்கம் வந்து கேட்டபோது

இந்தியாவில் இந்தக் கதை 2022இல் ஒரு திருப்பத்துக்கு வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி, கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், சரிபார்க்கப்பட்ட முகவரி, தொடர்பு எண், அவருக்குக் கொடுத்த ஐபி முகவரி, எதற்காகச் சேவையை வாங்குகிறார் என்ற காரணம் எல்லாவற்றையும் ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். அலுவலக விபிஎன்களுக்கு இது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது. 1996இன் பழைய சுரங்கம் தப்பித்தது, கடையில் விற்கும் சுரங்கம் மாட்டிக்கொண்டது. இணங்க விருப்பமில்லாதவர்கள் நாட்டை விட்டு வெளியேறலாம் என்று அன்றைய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் வெளிப்படையாகவே சொன்னார்.

வெளியேறினார்கள். எக்ஸ்பிரஸ்விபிஎன் ஜூன் மாதமே இந்திய சர்வர்களை எடுத்துவிட்டது. சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன், புரோட்டான் எல்லாம் பின்னாலேயே போயின. அதற்குப் பிறகு எக்ஸ்பிரஸ்விபிஎன் பட்டியலில் ‘இந்தியா’ என்று போட்டிருந்தாலும் இயந்திரம் சிங்கப்பூரிலோ பிரிட்டனிலோதான் இருந்தது.

விபிஎன்னுக்கு அரசு ஏன் இவ்வளவு கவலைப்படுகிறது? அதற்குக் காஷ்மீரைப் பார்க்க வேண்டும். 2019 ஆகஸ்ட் 5ஆம் தேதி அங்கே இணையம் நிறுத்தப்பட்டது. 2020 ஜனவரி இறுதியில் 2ஜி வேகத்தில் திரும்பக் கொடுத்தபோது 301 தளங்களுக்கு மட்டும் அனுமதி. சமூக ஊடகங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. மக்கள் விபிஎன்னைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே, விபிஎன் வழியாகச் சமூக ஊடகங்களைத் தவறாகப் பயன்படுத்தியதாக ஸ்ரீநகர் சைபர் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. அதில் சேர்த்த சட்டங்களில் ஒன்று ஊபா, பயங்கரவாதத் தடுப்புக்கான சட்டம். ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்ப யாரோ ஒருவர் எடுத்துக்கொண்ட ஆபத்து அவ்வளவு.

இலங்கையும் 2022க்கு முன்பே இதைப் பார்த்திருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டிப் பகுதியில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தின்போது ஒரு வாரத் தடை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மறுபடியும் தடை, அந்த முறை டனல்பேர் என்ற விபிஎன்னையும் சேர்த்து முடக்கினார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் கதை வேறு விதம். அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி போகும், குரலும் வீடியோவும் நீண்ட காலமாகவே தடை. குற்றம் செய்வதற்கோ மறைப்பதற்கோ ஐபி முகவரியை மாற்றினால் சிறையும், 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் என்று 2016இல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். ராமநாதபுரத்திலிருந்தோ கடலூரிலிருந்தோ போய்ச் சார்ஜாவில் ஓர் அறையில் எட்டுப் பேரோடு தங்கியிருப்பவருக்கு, பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுவது இந்தச் சட்டத்துக்குள் வருமா வராதா என்பதே ஒரு பயம்.

அப்போ, வாங்கலாமா?

முதலில், வாங்க வேண்டாதவர்கள். நீங்கள் தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள், வீட்டு இணையத்திலோ ஃபோன் டேட்டாவிலோ வங்கி, யூபிஐ, ஜிமெயில், இன்ஸ்டாகிராம், ஓடிடி பார்க்கிறீர்கள். உங்கள் பயம் பணம் போய்விடும் என்பதுதான் என்றால் விபிஎன் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. இங்கே பணம் போவது ஓடிபியைக் கேட்டு வாங்கும் ஆளிடம், போலி லிங்க்கில், ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று வீடியோ காலில் மிரட்டும் குரலில். அவர்கள் உங்கள் வைஃபையை உடைப்பதில்லை, உங்களிடமே கேட்டு வாங்குகிறார்கள். பெட்டி எவ்வளவு பலமாக இருந்தாலும் சாவியை நாமே கொடுத்தால் என்ன பயன்?

விளம்பரங்கள் பின்னாலேயே வருவது பிடிக்கவில்லை, அதற்காக வாங்கலாமா? கூகுளில் உள்நுழைந்தபடியே விபிஎன் போட்டால் உங்கள் ஐபி சிங்கப்பூர் என்று காட்டும், ஆனால் நீங்கள் யார் என்பது கூகுளுக்கு நன்றாகத் தெரியும். முகமூடி போட்டுக்கொண்டு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டுவதுபோல. அதற்கு விபிஎன்னைவிட உலாவியில் ஒரு நல்ல விளம்பரத் தடுப்பு நீட்சி அதிகம் உதவும். அதற்குச் செலவும் இல்லை. வேறு நாட்டு நெட்ஃபிளிக்ஸ் பார்க்கத்தான் என்றால், 2016லிருந்தே நெட்ஃபிளிக்ஸ் இதைத் தடுக்க முயன்றுகொண்டிருக்கிறது. இந்த மாதம் ஓடுவது அடுத்த மாதம் ஓடாமல் போகலாம். தெரிந்தே வாங்கினால் சரி. ஆனால் அது பாதுகாப்புக்கான செலவு இல்லை, பொழுதுபோக்குக்கான செலவு.

வாங்க வேண்டியவர்கள் யார்? பார்க்கும் கண் மாறினாலே போதும் என்ற நிலையில் இருப்பவர்கள். கல்லூரி விடுதியின் வைஃபையில் தான் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று நிர்வாகத்துக்குத் தெரியக் கூடாது என்று நினைக்க நியாயமான காரணம் உள்ள மாணவி. யாரைச் சந்திக்கிறார், எதைத் தேடுகிறார் என்பது உள்ளூர் ஆட்களுக்குத் தெரிந்தால் ஆபத்து வரக்கூடிய பத்திரிகையாளர். அடிக்கடி வெளிநாடு போய், ஊர் தெரியாத ஓட்டல் வைஃபைகளில் வேலை பார்ப்பவர். தடை உள்ள நாட்டில் வாழ்பவர். இவர்களுக்கு மாதம் ஏறக்குறைய 500 ரூபாய் என்பது வீண் செலவு இல்லை. வாங்கும்போது விளம்பரத்தில் வரும் தள்ளுபடியைப் பார்க்காமல் உரிமையாளர் யார், போலீஸ் வந்தபோது என்ன நடந்தது, வெளியார் தணிக்கை உண்டா, மாதக் கணக்கில் கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். ‘வாழ்நாள் சந்தா’ என்று யாராவது விற்றால், யாருடைய வாழ்நாள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒன்று இடிக்கிறது. யூடியூப் விளம்பரம் குறிவைப்பது கிரெடிட் கார்டும் வேகமான இணையமும் உள்ள, பெரிய ஆபத்து ஏதும் இல்லாத ஆளை. விபிஎன் உண்மையிலேயே தேவைப்படுகிறவர் வேறு இடத்தில் இருக்கிறார். டாலரே கிடைக்காமல் நாடு தவித்த 2022 ஏப்ரலில், மட்டக்களப்பில் ஒரு மாணவர் எந்த கார்டைக் கொண்டு வெளிநாட்டு விபிஎன்னுக்குச் சந்தா கட்டியிருப்பார்? சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பும் சார்ஜா தொழிலாளி என்ன செய்வார்? ப்ளே ஸ்டோரில் ‘ஃப்ரீ விபிஎன்’ என்று தட்டி, முதலில் வருவதை இறக்குவார். அதாவது அந்த 283 செயலிகளின் உலகத்துக்குள் போவார். அமைச்சர் பயன்படுத்தியதும் விபிஎன்தான், அவர் பயன்படுத்தியதும் விபிஎன்தான். மறுமுனையில் இருக்கும் ஆள் மட்டும் வேறு.

அவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபில் பிறந்த சைஃபோன் தடைகளைத் தாண்டுவதற்கென்றே செய்யப்பட்டது, இலவசம். தன்னார்வலர்கள் நடத்தும் டோர் வலையமைப்பில் தகவல் மூன்று கைமாறிப் போகும். அனுப்புகிறவர் யார், போகும் இடம் எது என்ற இரண்டும் அந்த மூன்று பேரில் எவருக்கும் சேர்ந்து தெரியாது. வேகம் குறைவுதான், ஆனால் ஒரே ஆளை நம்ப வேண்டிய சிக்கல் இல்லை. புரோட்டான் நிறுவனம் 2017லிருந்து டேட்டா வரம்பில்லாத ஓர் இலவச விபிஎன் தருகிறது. அதற்கான செலவை ஈடுகட்டுவது காசு கட்டும் வாடிக்கையாளர்களின் சந்தா.

ஆகவே தேவை எதுவும் இல்லாதவர் வாங்காமல் இருப்பதில் நஷ்டம் இல்லை. அந்த 500 ரூபாய்க்குப் புத்தகம் வாங்கலாம். இல்லை, மனசு கேட்கவில்லை, வாங்கித்தான் ஆகணும் என்றால் இப்படி இலவசக் கதவையும் சேர்த்துத் திறந்துவைத்திருக்கும் இடத்தில் வாங்கலாம். உங்களுக்கு அதனால் பெரிதாக எதுவும் மாறாது. முன்பின் தெரியாத ஒருவர் தடை போட்ட ஒரு ராத்திரியில் வீட்டுக்கு ‘நான் நல்லாருக்கேன்’ என்று ஒரு வரி அனுப்புவார்.